திரும்பி வந்த பொன்னாடை

"அம்மா, நான் போர்த்துன பொன்னாடையை அவன் திருப்பிக் கொடுத்துட்டானுங்க."

மலையடி மடத்து அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு?"

"செங்கோடனுங்க. எங்க பட்டறையில தகடு அழுத்தற பிரஸ் ஓட்டறவன். ஆடி மாசம் பிரஸ்ல மாட்டி வலது கையில நாலு விரல் போச்சு."

ஃபோர்மேன் ரங்கநாயகம் மடியிலிருந்த பொன்னாடையைத் தடவினான். பட்டறையையே அதட்டுகிற குரல் இங்கே நூலாய் இழைந்தது.

"நேத்து ஆயுத பூசை. எல்லாருக்கும் முன்னால கூப்பிட்டு மரியாதை பண்ணினேன். கழட்டி, ஒத்தைக் கையால மடிச்சு வெச்சான். 'மாலையும் பொட்டும் மிஷினுக்குத்தானே வெச்சீங்கண்ணா, இதையும் அதுக்கே போர்த்துங்க'ன்னான். சிரிச்சாங்க. பொறவு யாருமே சிரிக்கலீங்க."

"மிஷினுக்கு எங்கே பொட்டு வெச்சே?"

"பொத்தான் மேலங்க."

"எத்தனை பொத்தான்?"

"ரெண்டுங்க. ரெண்டு கையாலயும் சேர்த்து அமுக்குனாத்தான் பிரஸ் இறங்கும்."

"அப்போ கை ரெண்டும் வெளியிலதானே இருக்கும்? அவன் கை எப்படி உள்ளே போச்சு?"

ஒரு வெங்காயம் முடிந்தது. அடுத்ததை எடுத்தார்.

டாக்டரிடம் சொல்லாததை, முதலாளியிடம் சொல்லாததை, செங்கோடன் பெண்சாதி தன் காலில் விழுந்து அழுதபோதுகூடச் சொல்லாததை, ரங்கநாயகம் வெங்காயத் தோலைப் பார்த்துச் சொன்னான்.

"ஒரு பொத்தானை அமுக்கிக் கம்பியால கட்டியிருந்தேனுங்க. ஒரு கையால தகடு வெச்சு, மறு கையால பிரஸ்ஸை இறக்கலாம். வேலை வேகமா ஓடும். நாந்தானுங்க கட்டினேன்."

"கம்பி?"

"அன்னிக்கே அந்தப் பிரஸ்ல இருந்து அவுத்துட்டேன்."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். ஒரு சாண் இருக்கும். இத்தனை நாளும் நெஞ்சோடு சுமந்திருக்கிறான்.

"பட்டறையில பிரஸ் எத்தனை?"

"ஆறுங்க."

"மத்ததுல?"

ரங்கநாயகம் கம்பியை உள்ளங்கைக்குள் மூடினான்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, விரல்களை விரித்தார்.

ஐந்து.

வெங்காயச் சாறு மினுங்கும் ஐந்து முழு விரல்கள். அவன் கண்ணெடுக்காமல் பார்த்தான்.

"பூசை முடிஞ்சு மறுபடி எப்போப்பா பிரஸ் ஓட்டறீங்க?"

"இன்னிக்கு ரெண்டு மணிக்குங்..."

சொல்லி முடிப்பதற்குள் வாசலைத் தாண்டியிருந்தான்.

"பொன்னாடையை விட்டுட்டுப் போறியே!"

"அவன் கேட்டது அதில்லீங்கம்மா!"

குரல் மட்டும் படியேறி வந்தது.