போர்வைக்குக் காய்ச்சிய பசை

மலைக்கோயிலுக்குப் போகும் பாதையில் பாதி தூரத்தில் தவமணியம்மாவின் மடம் இருந்தது. மடம் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. இரண்டு அறை, ஒரு அடுப்படி, ஓடு மாற்ற வேண்டிய கூரை, அவ்வளவுதான். அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. அவருடைய சீடர் சோணைமுத்துவுக்கு அறுபத்திரண்டு. சீடர் குருவை 'அம்மா' என்பார். குரு சீடரை 'அண்ணே' என்பார். புதிதாக வருகிறவர்கள் இதில் யார் காலில் விழுவது என்று தெரியாமல் முழிப்பார்கள்.

சோணைமுத்து முப்பது வருடம் மதுரையில் புத்தகம் பைண்டு செய்தவர். மனைவி இறந்த வருடம் கோயிலுக்கென்று மலையேறினார். வழியில் மடத்தில் தங்கினார். கோயிலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தங்குகிறவர்களுக்குக் குளிருக்குப் பஞ்சுப் போர்வை தருவார்கள். காலையில் கிளம்பும் முன், அவர்கள் புதுப் போர்வை ஒன்றில் ஒரு வரி தையல் போட்டுவிட்டுப் போக வேண்டும். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு. தைத்து முடிகிற வரைக்கும் மூன்றும் நகராமல் இருக்க அரிசிமாவுப் பசை தடவியிருக்கும். கடைசி வரியும் முடிந்தபின் அலசினால் பசை போய்விடும். ஒரு போர்வை முடிய மூன்று நான்கு மாதம் ஆகும்.

பசை சோணைமுத்துவின் பொறுப்பு. மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, கட்டி தட்டாமல் காய்ச்சுவார். கெட்டியாகிவிட்டால் ஊசி இறங்காது என்பதால் அடுப்பை விட்டு நகர மாட்டார். தேங்காய் நாரால் தொட்டுத் தொட்டுத் தடவி, கங்கு போட்ட பித்தளைச் சொம்பால் மேலே தேய்த்துக் காய வைப்பார். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முகம் கடுகடுவென்று ஆகிவிடும்.

அவருக்கு ஒரே எதிரி கரப்பான். அரிசிப் பசை என்றால் மலையில் இருக்கிற கரப்பான் பூராவும் சொந்தம் கொண்டாடிக்கொண்டு வந்துவிடும். போன வருடம் தவமணியம்மாவுக்கென்றே ஒரு போர்வை போட்டார். அம்மா தன் போர்வையை எப்போதும் யாருக்காவது கொடுத்துவிட்டு, மார்கழி முழுக்கச் சாக்கைப் போர்த்திக்கொண்டு இருமுவார். அதைக் கேட்டுக்கொண்டு சோணைமுத்துவால் படுத்திருக்க முடியவில்லை. ஆனால் பாதி தைத்திருந்த போர்வையைக் கரப்பான் சல்லடையாக்கிவிட்டது. மனுஷர் அழுதே விட்டார்.

இந்த வருடம் பசை காய்ச்சுவதற்கு முன் குருவிடம் போனார்.

"அம்மா, பசையில கொஞ்சம் மயில்துத்தம் கலந்துக்கிறேன்."

"எதுக்குண்ணே?"

"விஷம்மா. ஒரு பூச்சி அண்டாது. முப்பது வருஷம் அப்படித்தான் பைண்டிங் போட்டேன். என் புத்தகம் ஒண்ணைப் பூச்சி அரிச்சதுன்னு எவனும் வந்து நின்னதில்ல."

"வேணாம்ணே."

"ஏன்னு சொல்லுங்கம்மா."

"சொன்னா போடாம இருப்பீங்களா?"

"இருப்பேன்."

"சொல்லலன்னா?"

சோணைமுத்து தலையைச் சொறிந்தார். அம்மா சிரித்துக்கொண்டே கீரையை ஆயப் போய்விட்டார்.

சோணைமுத்து போட்டார். அடுத்த சந்தை நாளில் ஒரு பொட்டலம் வாங்கி மடியில் மறைத்துக்கொண்டு வந்தார். பசை லேசாக நீலம் பாய்ந்தது. நிறம் தெரியாமல் இருக்கக் கருநீலத் துணியாகத் தேர்ந்தெடுத்தார். எனக்கு அவரைத் திட்ட மனசு வரவில்லை. அந்த இருமலைக் கேட்டிருந்தால் நீங்களும் போட்டிருப்பீர்கள்.

இரண்டு நாள் கழித்து ஏலத்தோட்டத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இறங்கி வந்தார்கள். அவள் பெயர் ஒச்சம்மா. ஏழு மாதம். தாய் வீட்டுக்குப் போகிறாள். அன்றைக்கு மடத்தில் தங்கினார்கள். காலையில் புருஷன் மூட்டையைக் கட்ட, ஒச்சம்மா காலை நீட்டி உட்கார்ந்து புதுப் போர்வையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அதில் அதுதான் முதல் வரி.

சோணைமுத்து விறகு பிளந்துகொண்டே பார்த்தார். நல்ல கை. சின்னச் சின்னத் தையலாக, கோடு போட்டது மாதிரி போய்க்கொண்டிருந்தது. அவருக்குப் பெருமையாக இருந்தது.

வரி முடிந்தது. ஒச்சம்மா முடிச்சைப் போட்டாள். நூலை அறுப்பதற்காகக் குனிந்து, துணியோடு வாயை வைத்தாள்.

"கடிக்காதே! ஏய், கடிக்காதே!"

கோடரியைப் போட்டுவிட்டு ஓடினார். மடியிலிருந்து போர்வையைப் பிடுங்கினார். அவள் பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"துப்பும்மா! துப்பு! வாயில பட்டுச்சா?"

"என்னய்யா இது?" என்று புருஷன் அவர் சட்டையைப் பிடித்தான்.

"விஷம்ப்பா. பசையில விஷம் போட்டிருக்கேன்."

அடுப்படியிலிருந்து தவமணியம்மா வந்தார். சொம்புத் தண்ணீரைக் கொடுத்து ஒச்சம்மாவை நாலு தரம் வாய் கொப்பளிக்க வைத்தார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"கசக்குதாம்மா?"

"இல்லம்மா. பல்லு வைக்கிறதுக்குள்ள இவரு கத்திட்டாரு."

"வயித்துல அசையுதா?"

ஒச்சம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "இவரு போட்ட சத்தத்துல எந்திரிச்சிருச்சு, உதைக்குது" என்றாள்.

மத்தியானம் வரை அவளை அனுப்பவில்லை. சோணைமுத்து வேலியோரமாக நின்றுகொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். புருஷன் கோபம் ஆறாமல்தான் கிளம்பினான். அவள் மட்டும் திரும்பி, "வாரேன் பெரியப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மடத்துக்கு வந்த மூன்று வருடமாக ஒவ்வொரு காலையும் அவர் பார்த்ததுதான். ஆணோ பெண்ணோ, வரி முடிந்தால் குனிந்து பல்லால்தான் நூலைக் கடிப்பார்கள். பார்த்தது புத்தியில் ஏறவில்லை. அவர் பைண்டிங்கில் நூலைக் கத்தியால் அறுத்துப் பழகியவர்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார்.

"எதைண்ணே?"

"வாய் வச்சுக் கடிப்பாங்கன்னு. அதனாலதான் துத்தம் வேணாம்னு."

"எனக்கும் தெரியாதுண்ணே."

சோணைமுத்து நம்பாமல் பார்த்தார்.

"எங்க குரு போடக் கூடாதுன்னாங்க. ஏன்னு கேட்டேன். 'சும்மா இருடி'ன்னாங்க. நானும் சும்மா இருந்துட்டேன். இன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது."

"அப்ப ஒருநாள் நீங்களும் போட்டிருப்பீங்க."

"போட்டிருக்கலாம்" என்றார் அம்மா.

போர்வையை அலச வேண்டியிருந்தது. ஓடையில் மீன் இருக்கிறது என்பதால் மடத்துக்குப் பின்னால், பாறைக்கு அந்தப் பக்கம் ஆழமாகக் குழி வெட்டினார் சோணைமுத்து. குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி வந்து அலசினார். தண்ணீரில் இன்னும் நீலம் தெரிகிறது என்று அம்மா சொல்லச் சொல்ல மறுபடி போய்த் தூக்கினார். பிடிப்பில்லாமல் பஞ்செல்லாம் ஒரு மூலையில் சேர்ந்து உருண்டையாகிவிட்டது. ஒச்சம்மாவின் ஒரு வரி மட்டும் அசையாமல் நின்றது. மிச்சப் பொட்டலத்தையும், பசை காய்ச்சிய சட்டியையும் அதே குழியில் போட்டு மூடினார்.

பிறகு உள்ளே போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"ரெண்டு உசுரும்மா." பையை மாரோடு அணைத்துக்கொண்டார். "நான் கும்பிடுற உங்களுக்குப் போர்வை போடப் போயி, ரெண்டு உசுர எடுக்கப் பாத்தேன்."

"எடுக்கலயே. ஓடி வந்தீங்களே."

"அந்நேரம் நான் விறகுக்குப் போயிருந்தா?"

தவமணியம்மாவின் கண்ணும் கலங்கியிருந்தது. வேறு பக்கம் பார்த்து இருமினார்.

"இங்கேயே இருக்கறதுன்னாலும், இனிமே பசை மட்டும் வேணாம்மா" என்றார் சோணைமுத்து. "கூட்டறேன், தண்ணி தூக்கறேன். வேற யாராச்சும் காய்ச்சட்டும். என் கையை நம்பி இனி யாரு வாய் வைப்பா?"

அம்மா எழுந்து உள்ளே போனார். சோறு வடிக்கிற பானையையும் அரிசிமாவையும் கொண்டுவந்து அடுப்புப் பக்கத்தில் வைத்தார்.

"துணி கிடக்கு, பஞ்சு கிடக்கு. காய்ச்சுங்க."

"அம்மா..."

"பொழுது இருக்கும்போதே காய்ச்சுங்கண்ணே."

சோணைமுத்து பையைக் கீழே வைத்தார். மாவைக் கரைத்தார். வடிகட்டும்போது கொஞ்சம் சிந்தியது. அடுப்பில் ஏற்றிக் கிளற ஆரம்பித்தார். வெள்ளையாக, மெதுவாக, பதத்துக்கு வந்தது. நீலம் எங்கேயாவது தெரிகிறதா என்று கரண்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

இறக்கி வைக்கப் போனபோது தவமணியம்மா அடுப்படியில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையில் ஒரு டம்ளர். அதை நீட்டினார்.

"அதுல ஒரு கல் உப்பைப் போட்டு, ரெண்டு கரண்டி ஊத்துங்கண்ணே. காலையில இருந்து நான் ஒண்ணும் சாப்பிடல."