அடையில் இருந்தபடி வண்டி ஓட்டிய கோழி

குழந்தைகளே, இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கீரி வருவதற்கு முன்பே கீரியைப் பற்றிச் சொல்லிவிட்டால் கதை கெட்டுப்போகும். பார்த்தீர்களா, சொல்லிவிட்டேன். போகட்டும். அதை மறந்துவிட்டுக் கேளுங்கள்.

ஒரு காட்டில் பெரிய சாலை ஒன்று இருந்தது. விடிந்தால் போதும், அணில் முதல் யானை வரை எல்லாருடைய வண்டியும் அதில்தான் ஓடும். சந்திக்குச் சந்தி ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும். அது தூக்கிய காலைக் கீழே வைத்தால்தான் வண்டிகள் நகரலாம். அதுவரை முட்டி மோதிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆற்றோரப் புதரில் ஒரு காட்டுக்கோழி இருந்தது. எதற்கெடுத்தாலும் அதற்குக் கவலை. இப்போது மழைக்காலமும் வந்துவிட்டது. வெள்ளம் வருவதற்குள் முட்டைகளை மேட்டுக்காட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். எருமையின் இரட்டைச் சக்கர வண்டியில், பின்பக்கம், வைக்கோல் கூடைக்குள் முட்டைகளை வைத்தது. தான் முன்பலகையில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தது.

"அண்ணே, மெதுவாப் போங்க. ரொம்ப மெதுவாவும் வேண்டாம். மழை வந்துரும்."

"சரி தங்கச்சி," என்றது எருமை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது எருமையின் வழக்கம்.

முதல் சந்தியில் கொக்கு காலைத் தூக்கியது. வண்டி நின்றது. உடனே ஓர் ஆட்காட்டிப் பறவை ஓடி வந்தது.

"அக்கா, அக்கா, இடது சக்கரம் கழண்டு வருது. எங்க சித்தப்பா இப்படித்தான் கவுந்தாரு."

கோழிக்கு உயிரே போய்விட்டது. பறந்து இறங்கியது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. கடையாணியைக் கொத்திப் பார்த்தது. சக்கரம் நன்றாகத்தான் இருந்தது.

"கண்ணுல தூசி போல. மன்னிச்சுக்கக்கா," என்று சொல்லிவிட்டு ஆட்காட்டி போய்விட்டது.

சற்றுத் தூரம் போனதும் முட்டைகளுக்குச் சூடு கொடுக்கக் கோழி கூடையில் ஏறி உட்கார்ந்தது. நெஞ்சுக்குக் கீழே ஓர் இடம் குளிர்ந்து கிடந்தது. அங்கே முட்டை இல்லை.

கோழி அழுதது. அழுதுகொண்டே கேட்டது: "அண்ணே, அந்தச் சந்தியில நான் இறங்கினப்போ என்ன நடந்துச்சு?"

"பின்னால யாரோ ஏறினாங்க. நுகம் மேல தூக்கிச்சு. அப்புறம் இறங்கிட்டாங்க. லேசான உடம்பு. கீரியா இருக்கும்."

"இதை அப்பவே சொல்லக் கூடாதா?"

"நீ சக்கரத்தைப் பத்திதானே கேட்டே."

கோழிக்குக் கோபம் வந்தது. ஆனால் எருமை சொன்னதில் ஒரு விஷயம் அதற்குப் புரிந்தது. ஆட்காட்டி முன்னால் கத்துவது, கீரி பின்னால் ஏறத்தான்.

"அடுத்த சந்தியிலயும் வருவாங்கண்ணே. ருசி கண்டுட்டாங்க. முட்டையை என்கூட முன்பலகையில வச்சுக்கலாம். ஆனா உருண்டு விழுந்துட்டா?"

"நீ எழுந்திருக்காத வரைக்கும் விழாது," என்றது எருமை.

கோழி முன்பலகையில் வைக்கோலைக் குழித்து, முட்டைகளை வைத்து, மேலே உட்கார்ந்தது. உடனே அடுத்த கவலை வந்தது. "கூடை காலியா இருக்கே. அதுல எதையாவது போட்டு வைக்கணுமே."

"அதை நான் பாத்துக்கறேன். காலையில இருந்து புல்லுதானே தின்னுட்டு வர்றேன்."

எருமை என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சற்று நேரத்தில் கூடை நிறைந்துவிட்டது. மேலே எருமையே வைக்கோலைப் பரப்பி மூடிவிட்டது. எருமை வண்டியில் எருமை வாசம் வந்தால் யார் சந்தேகப்படப்போகிறார்கள்?

இரண்டாவது சந்தியில் கொக்கு காலைத் தூக்கியது. வண்டி நின்றதும் நடுச்சாலையில் ஓர் அலறல் கேட்டது. அதே ஆட்காட்டிதான். குறுக்குவழியில் பறந்து வந்து, ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு புரண்டது.

"ஐயோ, ஏத்திட்டாளே. என் சிறகு போச்சே. இனி எப்படிப் பறப்பேன்?"

கோழியின் கால்கள் இறங்கத் துடித்தன. நிஜமாகவே ஏற்றியிருந்தால்? அதற்குள் மற்ற வண்டிகளும் சேர்ந்துகொண்டன.

"ஏம்மா, இறங்கிப் பாக்க மாட்டியா?" என்றது காட்டுப்பன்றி.

"கல்நெஞ்சுக்காரி. உக்காந்திருக்கிறதைப் பாரு," என்றது குரங்கு.

கோழிக்கு அவமானமாக இருந்தது. ஒரு காலை மெல்லத் தூக்கியது. அடியில் ஒரு முட்டை அசைந்தது. சட்டென்று காலைக் கீழே வைத்துவிட்டது.

"நான் அடையில இருக்கேன். அடையில இருக்கிற கோழி எழுந்திருக்காது. உங்க வீட்டுல யாராவது எழுந்திருப்பாங்களா, சொல்லுங்க."

காட்டில் இது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். பன்றியும் குரங்கும் ஆமாம் என்று தலையாட்டின.

அப்போது எருமை, கேட்காமலேயே, வாயைத் திறந்தது. "தங்கச்சி, நுகம் தூக்குது."

அடுத்த நொடி பின்பக்கம் 'தொப்' என்று ஒரு சத்தம். முட்டை ஆசையில் கீரி கூடைக்குள் தலைகீழாகப் பாய்ந்துவிட்டது. வெளியே வந்தபோது மூக்கும் மீசையும் தெரியவில்லை. கண் தெரியாமல் கத்திக்கொண்டு ஆட்காட்டியின் மேலேயே போய் விழுந்தது.

ஆட்காட்டி பதறிப்போய் இரண்டு சிறகையும் விரித்து 'விர்'ரென்று வானத்தில் பறந்தது.

"அடடே, எவ்வளவு சீக்கிரம் குணமாயிருச்சு," என்றது குரங்கு.

சிரித்த சிரிப்பில் கொக்கு தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டது. வண்டிகள் நகர்ந்தன. அந்த மழைக்காலம் முழுவதும் கீரி எந்த வண்டியை நெருங்கினாலும், அதற்கு முன்பே அதன் வாசம் வந்து சேர்ந்துவிட்டது.

மூன்றாவது சந்தியில் ஓர் அணில் ஓடி வந்தது. பாவம், நல்ல அணில். "அக்கா, உங்க வண்டியில ஏதோ 'கீச் கீச்'னு சத்தம் வருது. இறங்கிப் பாருங்க."

கோழி கழுத்தை நீட்டிச் சக்கரத்தை எட்டிப் பார்த்தது. ஆனாலும் இறங்கவில்லை.

"அண்ணே, சக்கரமா?"

"இல்லை."

"நுகமா?"

"இல்லை தங்கச்சி. சத்தம் உனக்குக் கீழேயிருந்துதான் வருது."

கோழி இன்னும் கொஞ்சம் நன்றாக அழுந்தி உட்கார்ந்துகொண்டது. மேட்டுக்காடு போய்ச் சேர்ந்த பிறகுதான், முதன்முதலாக எழுந்து பார்த்தது.

நீதி: வழியில் யார் பதறவைத்தாலும் கையிலிருப்பதை விட்டுவிட்டு இறங்காதே, போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்.