கூழைக்கடாவின் வாய்க்குள் ஓர் அதிகாரி

பெத்தபெருமாள் என்ற கூழைக்கடா, காட்டுக் காவல்படையின் பறக்கும் பிரிவில் வேலை பார்த்தது. அதன் அலகுக்குக் கீழே பெரிய பை தொங்குமே, அதற்குள் உட்கார்ந்துதான் காவலர்கள் ரோந்து போவார்கள்.

அதில் ஒரே ஒரு சங்கடம். ஆள் உள்ளே இருக்கும்போது பெத்தபெருமாள் வாயைத் திறக்கவே கூடாது. திறந்தால் ஆள் கீழே!

அதனால் அதற்குப் பதிலாகப் பேசுவதற்கென்றே செங்கமலம் என்ற மீன்கொத்தி கூடவே பறந்தது. "இடப்பக்கம் பனைமரம்! வளைஞ்சு போங்கண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்தும். கிளம்புமுன் சிறகைச் சோதிக்க அழகம்மை என்ற நாரையும் இருந்தது. ஓர் இறகு தளர்ந்திருந்தாலும் போதும், "இன்னிக்குப் பறக்கக் கூடாது!" என்று ஒரே போடாய்ப் போட்டுவிடும்.

ஒரு நாள் வீரபாகு என்ற கீரி புது அதிகாரியாக வந்து சேர்ந்தது. ஆள்தான் சிறிசு, அதட்டலோ காடே அதிரும்.

"ஒருத்தன் பறக்க மூணு பேரா? என்ன அநியாயம்! யோவ் பெத்தபெருமாள், உனக்குக் கண் இருக்கா?"

"இருக்குங்க ஐயா."

"அலகு இருக்கா?"

"இருக்குங்க."

"வாய்?"

"இருக்குங்க. ஆனா அதுலதானே நீங்க எல்லாரும்..."

"அப்புறம் என்னய்யா! பார்க்கிறது, கத்துறது, இறகைச் சோதிக்கிறது, எல்லாத்தையும் நீயே செய். மத்த ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகட்டும்!"

"ஐயா, நான் கத்தினா உள்ளே இருக்கிறவங்க விழுந்துடுவாங்களே!"

"சாக்குப்போக்கா சொல்றே? முடியாதுன்னா நீயும் கிளம்பு!"

வேலை போனால் கூட்டில் இருக்கும் குஞ்சுகள் பட்டினி. வேலையில் இருந்தாலோ, விழுந்து சாகிறவரின் பாவம் தன் தலையில்தான் விடியும். பாவம், அது என்ன செய்யும்? தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

மறுநாள் காலையில் தன் சிறகைத் தானே சோதித்தது.

"சிறகு சரியா, பெத்தபெருமாள்?" என்று கேட்டது.

"சரிங்க ஐயா!" என்று தானே விறைப்பாக நின்று பதிலும் சொன்னது. முதுகுப் பக்கம் தெரியவில்லை. எட்டிப் பார்க்கிறேன் என்று சுற்றிச் சுற்றி வந்து, தலை கிறுகிறுத்துப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது.

"சோதனை ஆச்சா?" என்று அதட்டியது கீரி.

"ஆச்சுங்க ஐயா. பூமிதான் கொஞ்சம் சுத்துது!"

"அதெல்லாம் சரியாயிடும். நானே வர்றேன், கிளம்பு!" என்று கீரி பைக்குள் தாவி ஏறியது.

மேலே பறந்தார்கள். பைக்குள்ளிருந்து குரல் வந்தது. "கீழே என்ன தெரியுது?"

"ம்ம்!" என்றது பெத்தபெருமாள்.

"என்னய்யா ம்ம்? அதிகாரி கேட்டா முனகுறதா? வாயைத் திறந்து சொல்லு!"

பெத்தபெருமாள் பலமாகத் தலையை ஆட்டியது. உள்ளே கீரி நெல்லிக்காய் மாதிரி உருண்டது.

"திமிரா உனக்கு? வாயைத் திறக்கிறியா, வேலையை விட்டுப் போறியா?"

பெத்தபெருமாள் கீழே பார்த்தது. ஐயோ, கூரான பாறைகள்! பல்லே இல்லாத வாயை இறுக்கிக்கொண்டு பறந்தது. கீரியின் வசவு நிற்கவில்லை. பாறைகள் முடிந்ததும் எருமைகள் புரளும் சேற்றுக்குட்டை வந்தது. பெத்தபெருமாள் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. எருமைகளின் முதுகு உரசும் அளவுக்கு இறங்கியபின் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தது.

"எருமைக்குட்டை தெரியுதுங்க ஐயா!"

தொபீர்!

"யாரப்பா அது, சொல்லாம கொள்ளாம வந்து விழறது?" என்றது ஓர் எருமை.

கீரி சேற்றைத் துப்பிக்கொண்டே எருமையின் கொம்பைப் பிடித்து ஏறியது. "விழப்போறேன்னு ஏன்டா முன்னாடியே சொல்லலை?"

"சொல்ல வாயைத் திறந்ததாலதானே ஐயா விழுந்தீங்க! முன்னாடி திறந்திருந்தா பாறையில விழுந்திருப்பீங்க."

கீரி திரும்பி அந்தப் பாறைகளைப் பார்த்தது. எருமையின் கொம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"செங்கமலத்தைக் கூப்பிடு! அழகம்மையையும் கூப்பிடு! இனிமே மூணு பேரும் இல்லாம ஓர் இறகுகூட அசையக் கூடாது!" என்று சேற்றோடு சேறாக உத்தரவு போட்டது.

குழந்தைகளே, உயிரைச் சுமந்து செல்லும் வேலையில் ஆளைக் குறைத்தால், அங்கே முதலில் குறைவது பாதுகாப்புதான்.