நூறு முறை அளந்த மீன்

சிரிப்பு வரும், கொஞ்சம் பொறுங்கள். முதலில் மீனில்லாத கடல்.

தூண்டில் போட வரும் சுற்றுலாக்காரர்களின் படகில், பிடிபடுகிற மீனை அளந்து எழுதுவது ஜெசிந்தாவின் வேலை. எண்ணிக்கை குறைந்தால், மீன் பெருகும்வரை அங்கே தூண்டிலுக்குத் தடை. அவள் புருஷனின் வலையும் வெறுமையாகத்தான் வந்துகொண்டிருந்தது.

அன்று அகப்பட்டது ஒரே ஒரு ஊளி மீன்.

"நூறுன்னு எழுது. இல்லன்னா நாளைக்குப் படகுல கால் வைக்காத," என்றார் முதலாளி பெர்க்மான்ஸ்.

"அளக்காம எழுதக்கூடாதே, அண்ணாச்சி."

"அப்ப அள!"

அளந்தாள். மீன் துடிப்படங்கிய பிறகும் அளந்தாள்.

கரையில் மீன்வளத்துறை அதிகாரி முன்னால், அவள் எழுதியதை முதலாளியே நெஞ்சை நிமிர்த்தி வாசித்தார்.

"ஒண்ணு, ஊளி, நாற்பது சென்டிமீட்டர், வால் கிழிஞ்சது. ரெண்டு, ஊளி, நாற்பது, வால் கிழிஞ்சது. மூணு..."

ஏழாவதில் குரல் இறங்கியது.

"ஏளா, நூறு தடவையும் அந்த ஒத்த மீனையா அளந்த?"