கௌதாரி கேட்ட அமைதி

அல்லிக்குளத்தில் அன்றைக்கு ஒரே ரகளை! குளத்துக்குத் தலைவனான முதலை, எல்லோரும் தண்ணீர் குடிக்க இறங்கும் துறையை அடைத்துக்கொண்டு படுத்துவிட்டது. தவிட்டுக்குருவிகள் சும்மா இருக்குமா? வேலமரத்தில் கூட்டமாக உட்கார்ந்து கத்தித் தீர்த்தன.

பக்கத்துப் புதரில் அடைகாத்துக்கொண்டிருந்த கௌதாரி செவ்வந்திக்கு எரிச்சலாக வந்தது. தாகம் அவளுக்கும்தான். ஆனால் கண்ணை மூடவிடாத இந்தக் கூச்சலை அவளால் தாங்க முடியவில்லை.

முதலை சபையைக் கூட்டிப் புதுச் சட்டம் ஒன்றைச் சொன்னது. சேர்ந்து கத்துகிறவர்களைக் காவல் நரிகள் பிடித்துப் போகலாம். எது கத்தல் என்பதையும் நரிகளே முடிவு செய்யும். கத்தியே ஆகவேண்டுமென்றால் முதல் நாளே அனுமதி வாங்க வேண்டும். மற்றவை திருதிருவென்று முழிக்க, "நல்ல சட்டம்!" என்று முதலில் இறக்கையைத் தூக்கியவள் செவ்வந்திதான்.

மறுநாளே சில குருவிகள் பிடிபட்டு நரி வளைக்குள் போயின. குளக்கரை கப்சிப். செவ்வந்தி சுகமாகக் கண் அயர்ந்தாள். பாவம், அந்தச் சுகம் ரொம்ப நாள் நிற்கவில்லை.

ஒரு நாள் காலையில் இரை பொறுக்கிவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். சாரைப்பாம்பு ஒன்று அவள் புதரை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது! முன்பெல்லாம் பாம்பு தலைகாட்டினால் போதும், தவிட்டுக்குருவிகள் சூழ்ந்து நின்று கத்தி, அதை விரட்டிவிட்டுத்தான் ஓயும். அந்தக் கூச்சல்தான் இத்தனை நாளும் தன் முட்டைகளுக்குக் காவல் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வேலமரத்தடிக்கு ஓடினாள். "மூக்காயி அக்கா, பாம்பு! எல்லாரையும் கத்தச் சொல்லுங்க!"

குருவிகளில் மூத்தவளான மூக்காயி தவித்துப் போனாள். "எங்களுக்கும் பதறுதுடி. ஆனா கத்தினா மிச்சம் இருக்கிறவங்களையும் பிடிச்சுட்டுப் போயிடுவானுங்க. ஓடிப்போய் அனுமதி வாங்கிட்டு வா."

செவ்வந்தி நரியிடம் பறந்தாள். நரி சாவகாசமாகச் சோம்பல் முறித்தது. எத்தனை பேர் கத்துவீர்கள், எந்த மரத்தில், எவ்வளவு நேரம் என்றெல்லாம் விசாரித்தது. கடைசியில், "நேத்தே வந்து கேட்டிருக்கணும்" என்றது.

"பாம்பு நேத்தே சொல்லிட்டா வரும்?"

"அது எனக்குத் தெரியாது. நீ இறக்கையைத் தூக்கின சட்டம்தானே?"

செவ்வந்தி திரும்பி ஓடிவந்து, பாம்புக்கு எதிரிலேயே நின்று தொண்டை கிழியக் கத்தினாள். ஒற்றைக் குரலைப் பாம்பு சட்டை செய்யவில்லை. புதருக்குள் தலையை விட்டு ஒரு முட்டையை விழுங்கியது.

மேலே மூக்காயிக்குப் பொறுக்கவில்லை. "பிடிச்சா பிடிக்கட்டும், வாங்கடி!" என்று பாய்ந்தாள். அவள் பின்னால் அத்தனை குருவிகளும் பாய்ந்தன. அடேயப்பா, என்ன கூச்சல்! பாம்பு தலைதெறிக்க ஓடியது. சத்தம் கேட்டு வந்த நரிகள் மூக்காயியைக் கவ்விக்கொண்டு போயின.

அன்று மாலை துறை நிரம்பி வழிந்தது. விஷயம் கேள்விப்பட்டு மான், முயல், அணில் எல்லாம் குருவிகளோடு வந்து நின்றன. முன்னால் நின்று உரக்கக் கத்தியவள் செவ்வந்தி. நரிகள் கூட்டத்தைப் பார்த்தன, தங்கள் வளையைப் பார்த்தன. இத்தனை பேரை எங்கே அடைப்பது? முதலை சத்தமில்லாமல் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டது.

பொழுது சாய்வதற்குள் சட்டம் போனது. துறையும் திறந்தது. மூக்காயியும் மற்றக் குருவிகளும் வெளியே வந்தார்கள். போன முட்டைதான் வரவில்லை.

அடுத்தவர் குரலை அடக்கச் சட்டம் கேட்பவர், தமக்கு ஆபத்து வரும்போது கூப்பிட ஆளில்லாமல் நிற்பார்.