எஸ்தரின் செல்கள்

மெஹருன்னிசா மேடத்திடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். அந்த மரபணு ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. தெரிந்தும் உதவியாளர் வில்சன் கேட்டார். கேட்காமல் இருக்க முடியவில்லை, பாவம்.

"மேடம், இருபது வருஷமா வீட்ல சிகரெட் குடிக்கிறவன் நான். எனக்கு ஒண்ணுமில்ல. அதே வீட்ல இருக்கிற என் தங்கச்சி எஸ்தருக்கு நுரையீரல்ல கேன்சர். அவ சிகரெட்டக் கையால தொட்டதில்ல. இது என் புகையா, அவளுக்குப் பிறவியிலேயே வந்ததா?"

"ரெண்டு பேர் ரத்தமும் எடுத்துட்டு வாங்க," என்றார் மேடம்.

எஸ்தர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். "எடுத்துக்கோண்ணே. ஊசியெல்லாம் எனக்குப் பழகிப்போச்சு."

அண்ணனின் செல்கள் ஒரு தட்டில், தங்கையின் செல்கள் இன்னொன்றில். சிகரெட் புகையைக் கரைத்த நீரை இரண்டிலும் ஒரே அளவு விட்டார் வில்சன். பிறகு இரண்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, மரபணு உடைந்த இடம் மட்டும் ஒளிரும்படி சாயம் ஏற்றினார். நுண்ணோக்கியில் பார்த்தால், சீரியல் பல்பு போட்ட மாதிரி பச்சைப் புள்ளிகள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி உடைஞ்சிருக்கே மேடம்!"

"நாளைக்கும் பாருங்க."

மறுநாள் வில்சனின் செல்களில் புள்ளிகளைத் தேட வேண்டியிருந்தது. உடைந்ததையெல்லாம் செல்லே ஒட்டிவிட்டிருந்தது. அவருக்கு மெய்சிலிர்த்தது.

"யாரும் சொல்லாமலே இவ்வளவும் நடக்குதா?"

"நீங்க தூங்கும்போதும் நடக்குது. இருபது வருஷமா."

எஸ்தரின் செல்களில் புள்ளிகள் அப்படியே இருந்தன. மேடம் அவள் மரபணுக்களைப் படித்துப் பார்த்ததில், உடைந்ததை ஒட்டவைக்கும் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதே அப்பா, அதே அம்மா. அவருக்குக் கிடைத்தது அவளுக்குக் கிடைக்கவில்லை. கண்ணுக்கே தெரியாத அந்த ஓர் எழுத்தை நினைத்து வில்சன் மறுபடியும் நுண்ணோக்கியில் குனிந்தார்.

பிறகு மெல்ல மூச்சு விட்டார். அதில் நிம்மதி இருந்தது, மறைக்க முடியவில்லை.

"அப்போ பிறவியிலேயே வந்ததுதான் மேடம். என் புகை இல்ல."

மேடம், ஏற்கெனவே தயார் செய்திருந்த இன்னொரு தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார். வில்சன் குனிந்து பார்த்தார். ஒரே இருட்டு. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பச்சை.

"இது யாரோடது? என்னோடதைவிட நல்லா இருக்கே!"

"எஸ்தரோடதுதான். இதுக்கு மட்டும் புகை காட்டல."