நாலடிக் குழிக்கு ஒரு சீட்டு

எட்டெருமைக்காடு மலைச்சரிவில் இருக்கிற ஊர். அந்த ஊர்ச் சடையனுக்குக் கல்யாணம் கூடி வந்ததே பெரிய ஆச்சரியம். அதற்கும் வந்தது ஒரு முட்டுக்கட்டை.

"கக்கூஸ் இல்லாத வீட்டுக்கு என் பொண்ணை அனுப்ப மாட்டேன். தை பொறக்கறதுக்குள்ள குழியாவது தோண்டி வை, மாப்பிள்ளை" என்று பெண்ணின் அப்பா வேடியப்பன் கறாராகச் சொல்லிவிட்டார். முத்துவடிவை நினைத்தாலே சடையனுக்குச் சோறு இறங்காது. அன்றைக்கே மண்வெட்டியைத் தூக்கிவிட்டான்.

கூட்டாளிகள் பொங்கியண்ணன், கிட்டான், தவசி மூன்று பேரும் ஓடி வந்து தடுத்தார்கள். சரிவில் மண்ணைத் தோண்டினால் மழை அரித்துக்கொண்டு போய்விடுமாம். அதனால் அனுமதிச் சீட்டு வாங்கணுமாம். பஞ்சாயத்துப் பலகையில் எழுதிப் போட்டிருந்ததைக் கிட்டான் எழுத்துக் கூட்டிப் படித்திருந்தான்.

நாலு பேரும் அடிவாரத்து அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அம்மா விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, "சீட்டு வர்ற வரைக்கும் அந்த மண்ணைக் கிளறக் கூடாது. மழை வந்தா மேல தார்ப்பாய் கட்டிக்கங்க. புரிஞ்சுதா?" என்றார். நாலு தலையும் பலமாக ஆடின.

ஊர் திரும்பியதும் சடையன் வீட்டு வாசலில் நின்றுவிட்டார்கள்.

"நடந்தா மண்ணு கிளறாதா?" என்றான் தவசி.

"கிளறும். அதுவும் சடையன் நடந்தா ரொம்பக் கிளறும்" என்றார் பொங்கியண்ணன்.

ஊரெல்லாம் கட்டில் இரவல் வாங்கி, தெருவிலிருந்து வீட்டுப்படி வரைக்கும் வரிசையாகப் போட்டு அதன்மேல் நடந்தார்கள். அப்புறம் பார்த்தால், கோழி ஒன்று கூசாமல் கிளறிக்கொண்டிருக்கிறது! அதைப் பிடித்து இரண்டு காலிலும் துணி சுற்றிவிட்டார்கள். மண்புழுவை என்ன செய்வது என்று அரை நாள் பேசினார்கள். அது கீழேயிருந்து கிளறுவதால் யாருக்கும் தெரியாது என்று விட்டுவிட்டார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குழிக்குக் குறித்த இடத்துக்கு மேலே தார்ப்பாயைக் கட்டினார்கள். தண்ணீர் தேங்கி, தார்ப்பாய் எருமை வயிறு மாதிரி தொங்கியது.

"நடுவுல ஒரு ஓட்டை போடு. கனம் குறையும்" என்றார் பொங்கியண்ணன். ஆகா, மூளைன்னா இதுதான் என்று சடையன் ஓட்டை போட்டான்.

அத்தனை தண்ணீரும் அந்த ஓட்டை வழியாக ஒரே இடத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மழை விட்டபோது குறித்த இடத்தில் குறித்த அளவில் நாலடிக் குழி இருந்தது. மண் ஓடைக்குப் போய்விட்டது.

மறுநாள் ஆய்வாளர் சீட்டோடு வந்தார். "யாருய்யா தோண்டினது?"

"மழைங்க. பொறுத்துக்கன்னு எவ்வளவோ சொன்னோம், கேக்கலீங்க" என்றான் சடையன்.

ஆய்வாளர் தார்ப்பாய் ஓட்டையைப் பார்த்தார், கட்டில் வரிசையைப் பார்த்தார், கோழியின் காலைப் பார்த்தார். சீட்டைக் கையில் திணித்து, "பத்து நாள்தான் செல்லும். சட்டுன்னு வேலையை முடிங்க" என்று சொல்லி, காப்பித்தண்ணிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

கிட்டான் சீட்டைப் படித்தான். "'குழி தோண்டிக்கொள்ளச் சடையனுக்கு அனுமதி.' மழைக்குன்னு எங்கயும் போடலையே!"

"அப்போ இது திருட்டுக் குழி" என்றான் தவசி.

"ஐயோ, திருட்டுக் குழியில முத்துவடிவு காலை வைப்பாளா?" என்று சடையன் கலங்கிப்போனான்.

வேறு வழியில்லை. முதலில் குழியை மூட வேண்டும், பிறகு சீட்டுப்படி தோண்ட வேண்டும். ஓடையிலிருந்து கூடை கூடையாக மண்ணைச் சுமந்து வந்து கொட்டி, இடுப்பு ஒடிய மிதித்துச் சமன் செய்தார்கள். பதினோராம் நாள் காலையில் சடையன் ஆசையோடு மண்வெட்டியைத் தூக்கினான்.

"சீட்டு நேத்தோட முடிஞ்சுபோச்சு" என்றான் கிட்டான்.

அந்த நேரம் பார்த்து வேடியப்பன் வந்து நின்றார். "குழி எங்க, மாப்பிள்ளை?"

"இங்கதான் இருந்துச்சு மாமா. அருமையா மூடிட்டோம்."

"இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்று அவர் திரும்பி நடந்தார். சடையன் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

"அழாதடா. நம்ம நாலு பேரைவிட நல்லாத் தோண்டுறது யாரு? மழை. அது பேர்லயே சீட்டு வாங்கிட்டா?" என்றார் பொங்கியண்ணன்.

கிட்டான் புது விண்ணப்பத்தை எடுத்தான். பெயர், மழை. முகவரி, ஆகாயம், எட்டெருமைக்காடு அஞ்சல். "அப்பா பேரு?"

"மேகம்" என்றான் தவசி.

பத்தடி போயிருந்த வேடியப்பன் பொறுக்க மாட்டாமல் திரும்பி வந்தார். "அறிவு இருக்காய்யா? மேகம் அம்மா. அப்பா கடல்!"

சடையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூறல் விழ ஆரம்பித்தது. கையெழுத்துக்காகத் தாளை வானத்துக்கு நீட்டினார்கள். மை கரைந்து தாள் முழுக்க ஓடியது.

"எவ்வளவு நீட்டமாப் போட்டிருக்கு! படிச்ச மழைய்யா" என்று வேடியப்பன் சொக்கிப்போனார். "பொண்ணு உனக்குத்தான், மாப்பிள்ளை. சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்."

தூறல் வலுத்தது. மாமனாரும் மாப்பிள்ளையும் வீட்டிலிருந்து ஆளுக்கொரு குடையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மூடின குழிக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துச் சடையன் கத்தினான்:

"கொஞ்சம் பொறுத்துக்கப்பா! இந்தத் தடவை உன் பேர்லயே சீட்டு வருது!"